சூப்பர்வைசரிடம் போகப்போகும் மகளுக்கு

போடிநாயக்கனூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கவுன்சலிங் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னதும் அப்பா அடுப்பில் பாலை வைத்தது மறந்து கூடத்துக்கு ஓடி வந்துவிட்டார். அன்று ராத்திரி படுத்த பிறகுதான் நீ கடைசியில் சொன்னது மனதில் ஓடியது. "சூப்பர்வைசர் முன்னால் நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தெரியக் கூடாதும்மா" என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

டெக்சாஸில் எல்.பி.சி. அசோசியேட், அதாவது சூப்பர்வைசரின் மேற்பார்வையில் வேலை பழகும் கவுன்சலர் என்றால் 3,000 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், அதில் 1,500 மணி நேரம் நேரடிக் கவுன்சலிங்காக இருக்க வேண்டும், 18 மாதத்துக்கு முன்னால் முடிக்க முடியாது என்று விவரமாகச் சொன்னாய். மாதத்துக்கு 4 மணி நேரம் சூப்பர்வைசரோடு உட்கார வேண்டும் என்பதை மட்டும் போகிற போக்கில் சொன்னாய். எனக்கு அந்த 4 மணி நேரம்தான் பெரிதாகப் படுகிறது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1989இல் கிராம சுகாதார நர்ஸாகச் சேர்ந்த புதிதில் என் பி.பி. கருவியின் பலூன் ஓட்டையாகிவிட்டது. கேட்டால் திட்டுவார்களோ என்று பயந்து, கர்ப்பிணிகளுக்குப் பார்க்காமலே பதிவேட்டில் 110/70 என்று எழுதினேன். ஒருவருக்கு இல்லை, ஒன்பது பேருக்கு. என் வேலையை மேற்பார்க்கும் செக்டார் நர்ஸ் அக்கா வந்த அன்று பக்கத்தைப் புரட்டிவிட்டு, "என்னம்மா, ஊரில் எல்லாருக்கும் ஒரே பிரஷரா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் பையிலிருந்த கருவியை எடுத்துக்கொண்டு, "வா, ஒன்பது வீட்டுக்கும் போவோம்" என்றார். ஏழாவது வீட்டில் எட்டு மாதக்காரி ஒருத்திக்கு 150/100. கால் வீங்கியிருந்தது. அன்று சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் ஓய்வு பெறுகிறவரை 110/70 என்று எழுதும்போதெல்லாம் கருவியை இரண்டு தடவை பார்ப்பேன்.

அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் பயமாக இருக்கிறது பாப்பா. உன் வேலையில் பார்க்க பி.பி. கருவிகூடக் கிடையாது. மூடிய அறைக்குள் நீயும் வந்தவரும்தான். நீ போய்ச் சொன்னால்தான் சூப்பர்வைசருக்குத் தெரியும். உன் கவுன்சலிங்குக்கு முழுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று அங்கே விதியே இருக்கிறது. அவரிடம் மறைத்தால், தெரியாத சுமையை அவர் தலையில் ஏற்றுகிறாய் என்று அர்த்தம்.

அதனால் நன்றாக நடந்த கேஸைச் சொல்லி அந்த நேரத்தைக் கழித்துவிடாதே. யாரைப் பார்த்தால் உனக்கு எரிச்சல் வருகிறது, யார் வராவிட்டால் நிம்மதியாக இருக்கிறது, யாரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்க நாக்கு எழவில்லை, இதையெல்லாம் கொண்டுபோ. அந்தத் தற்கொலை விஷயம் மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது, அன்றே போன் செய்துவிடு.

இன்னொன்று. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று உன்னை வளர்த்தவள் நான்தான். வீட்டுக்கு அது சரி. அங்கே புரியாததற்குத் தலையாட்டாதே. "எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது" என்று சொல்லு. அவருக்கு உன்மேல் மரியாதை குறையாது. குறைகிறவராக இருந்தால் வேறு ஆளைப் பார், மணி நேரம் வீணாகுமே என்று பொறுத்துக்கொண்டு இருக்காதே. சூப்பர்வைசர் ஃபீஸ் கையைக் கடித்தால் அப்பாவிடம் தயங்காமல் கேள்.

போனில் உன்னிடம் வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ சொன்னதில்லை. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. என்னிடம் சொல்ல முடியாததை இறக்கி வைக்க உனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்பதில் அதைவிட நிம்மதி.

செவ்வாய்க்கிழமை முதல் சந்திப்பு என்றாய். முடிந்ததும் கூப்பிடு, இங்கே விடிகாலையாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே பேசியதைச் சொல்ல வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா