ரேடியேட்டரில் அடைந்த காற்று

தக்கலை

அன்பு மக்களே,

நீ நேற்று போனில் சொன்னதை வைத்துப் பார்த்தால் காற்றுதான் அடைத்திருக்கிறது. அறையைச் சூடாக்கும் அந்த ரேடியேட்டரின் மேல்பாகம் ஜில்லென்று இருக்கிறது, கீழே கை வைக்க முடியவில்லை, உள்ளே குடுகுடுவென்று சத்தம் என்றாய். அதற்காகச் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை ஏற்றிக்கொண்டே போனால் கேஸ் பில்தான் ஏறும். கீழே நடுவில் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது சேறு. மொத்தமும் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் வால்வு ஒட்டியிருக்கும்.

நான் ரியாத்தில் பார்த்ததெல்லாம் ஏசிக்கான குளிர்தண்ணீர் பைப். உனக்கு இங்கிலாந்தில், லீட்ஸில் ஓடுவது சுடுதண்ணீர். காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான், உயரமான மூலை பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்ளும். நம்ம மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் திறந்த வாய்க்காலில் போகிறது, காற்று தன்பாட்டுக்குப் போய்விடும். உன் வீட்டில் ஓடுவது மூடிய பைப். வழியை நாம்தான் திறந்துவிட வேண்டும்.

ஹீட்டிங்கை அணைத்து, ரேடியேட்டர் ஆறும்வரை பொறு. பம்ப் ஓடும்போது திறந்தால் சில இடங்களில் காற்றை உள்ளே இழுத்துவிடும், கையும் வெந்துபோகும். மேல் ஓரத்தில் சிறிய சதுரத் தலை ஒன்று தெரியும். அதற்கான சாவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அடியில் பழைய துணியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருப்பு. ஸ்ஸ் என்று காற்று வரும், பிறகு விட்டுவிட்டுத் தெறிக்கும், அதன்பின் தண்ணீர் சீராக வரும். வந்ததும் மூடிவிடு. அந்தத் திருகாணியை முழுசாகக் கழற்றிவிடாதே. உள்ளிருக்கும் கறுப்புத் தண்ணீர் கார்பெட்டில் பட்டால் கறை போகாது. கீழ்த்தள அறைகளை முடித்துவிட்டு மாடிக்குப் போ.

காற்று போனதும், தண்ணீரைச் சுடவைக்கும் பாய்லரின் பிரஷர் இறங்கியிருக்கும். குளிர்ந்த நிலையில் பிரஷர் காட்டும் முள் 1 முதல் 1.5 பார் (பிரஷர் அளவு) வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால், பாய்லருக்கு அடியில் தண்ணீர் ஏற்றும் வெள்ளிநிறப் பின்னல் டியூப் இருக்கிறதா பார். அதன் வால்வுகளை மெதுவாகத் திறந்து, முள் ஏறியதும் இரண்டையும் இறுக மூடு. மறந்து விட்டுவிட்டால் 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து தண்ணீர் வெளியே கொட்டும். பாய்லர் மூடியை மட்டும் தொடாதே, அது கேஸ் லைசென்ஸ் உள்ளவர்கள் வேலை.

இவ்வளவும் அரைமணி நேர வேலைதான். எனக்குக் கவலை அதற்கு அப்புறம். சில நாளில் அதே ரேடியேட்டர் மறுபடி குளிர்ந்து, முள்ளும் இறங்கினால், தண்ணீர் நிரப்பிக்கொண்டே இருக்காதே. எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ரேடியேட்டரின் இரு ஓரத்து வால்வு நட்டுகளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்; துருக்கறையோ பச்சைப் படிவோ இருந்தால் போட்டோ எடு. ஒவ்வொரு தடவையும் ஏற்றும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் போய் இரும்பை அரிக்கும். அரித்ததுதான் அந்தக் கறுப்புச் சேறு. முள் இறங்காமலேயே மேலே வாயு சேர்ந்தால் அது துருவிலிருந்து வரும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். ஆகவே காற்று விடும்போது பக்கத்தில் மெழுகுவர்த்தி கொளுத்தி வைக்காதே. அந்த வாசனை மெழுகுவர்த்தி உன் அறையில் இருப்பதை வீடியோவில் பார்த்தேன்.

அந்த நிலை வந்தால் துரு தடுக்கும் மருந்து ஊற்றவும் பைப்பைக் கழுவவும் வீட்டுக்காரரிடம் கேள். வாடகைக்கு இருக்கிறோமே என்று தயங்காதே. ஹீட்டிங்கைச் சரியாக வைத்திருப்பது அங்கே 1985-ஆம் வருஷத்து வீட்டுக்காரர்–வாடகைதாரர் சட்டப்படி அவர் பொறுப்பு. வாயால் சொல்லாமல் மெசேஜில் எழுது, தேதி இருக்கட்டும்.

அம்மை நீ குளிரில் நைட் டியூட்டி முடிந்து வந்து எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவோம்.

நாளைக் காலை ஹீட்டிங் போடுவதற்கு முன் அந்த முள்ளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சூடான பிறகு எடுத்தால் முள் ஏறித்தான் நிற்கும், எனக்கு ஒன்றும் விளங்காது.

அப்பா