செயலாளர் ஆண்டறிக்கை: பொதுக் கிணறும் பாறை விரிசலும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தை மாதம் பொதுக்குழு நடந்தது, வந்தவர்கள் வந்தார்கள். மண் பரிசோதனை முகாம் நடத்தினோம். டிரான்ஸ்ஃபார்மர் மனு கொடுத்தாயிற்று, பதில் இல்லை.

இனி நம் பொதுப் போர்வெல். 600 அடி ஆழம், கோடையில் கொஞ்ச நேரம் மோட்டார் ஓடினாலே காற்றுதான் வருகிறது. 1000 அடிக்கு இறக்கலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். நம் கருங்கல்லில் ஆழம் போகப்போகப் பெரும்பாலும் விரிசல் குறையும், அதில் பணத்தைப் போடுவதைவிட, குழிக்குள் ரப்பர் பேக்கர் என்ற அடைப்பானை இறக்கி அடைத்து, அதற்குக் கீழே தண்ணீரை அழுத்தி, இருக்கிற விரிசலைத் திறந்து பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். எண்ணெய், எரிவாயுத் தொழிலில் இதை முதலில் சோதித்தது 1947-ல், அமெரிக்காவின் கான்சாஸில். அவர்கள் மணல், ரசாயனம் எல்லாம் கலப்பார்கள். நாம் கேட்டிருப்பது வெறும் தண்ணீர்.

சொன்ன அன்றே சண்டை ஆரம்பித்தது. "ஏனுங்க, விரிசல் என் கிணத்துப் பக்கம் ஓடி என் தண்ணிய இழுத்துட்டா யாரு பொறுப்பு?" என்று கிழக்குத் தோட்டத்து உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்த வருடம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன், செயலாளர் வேறு வேலை பார்க்கவில்லை என்று பேசுகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாறையை எந்தத் திசையில் நெருக்கும் அழுத்தம் மிகக் குறைவோ, அதற்குக் குறுக்காகத்தான் விரிசல் திறக்கும் என்று ஹப்பர்ட், வில்லிஸ் என்ற ஆய்வாளர்கள் 1957-ல் விளக்கினார்கள். எண்ணெய்க் கிணற்று ஆழத்தில் மேலே கிடக்கும் பாறையின் பாரம் பெரிது, அதனால் விரிசல் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும். நம் 600 அடியில் அந்தப் பாரம் ஏறக்குறைய 50 பார் (bar), அதாவது காற்றழுத்தத்தைப் போல 50 மடங்குதான். பக்கவாட்டு நெருக்கம் அதைவிட அதிகமாக இருந்தால், விரிசல் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும். சரி, இதெல்லாம் பழுதில்லாத பாறைக்கு. நம் பாறையில் பழைய விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன, தண்ணீர் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டு போய்விடும். பெர்க்கின்ஸ், கெர்ன் என்ற ஆய்வாளர்கள் 1961-ல் போட்ட சூத்திரம் விரிசலின் உயரம் மாறாது என்று வைத்துக்கொண்டு அகலத்தைக் கணக்கிட்டது. பாறைக்குள் கசிந்து போகிற தண்ணீரை 1972-ல் நார்ட்கிரன் அதில் சேர்த்தார். நம் ஊரில் அந்தக் கசிவுதான் முக்கியம்: பக்கத்துச் சந்துகளில் தண்ணீர் போய்விட்டால் விரிசலின் முனையைத் தள்ள அழுத்தம் மிஞ்சாது. அமெரிக்காவின் நெவாடாவில் நிலத்தடிப் பாறையில் இப்படி விரிசல் உண்டாக்கி, பிறகு அதே இடத்தைத் தோண்டியே பார்த்தார்கள். ஒரே கோடாக இல்லாமல் கிளைவிட்டும் பழைய விரிசலில் திரும்பியும் போயிருந்தது.

ஆக, விரிசல் இந்தத் தோட்டத்துக்குப் போகும், அந்தத் தோட்டத்துக்குப் போகாது என்று வரைபடத்தில் கோடு போட்டுத் தர யாராலும் முடியாது. தருகிறேன் என்று வருகிற ஏஜென்டை நம்பாதீர்கள். நம்மால் முடிந்தது, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை வேலைக்கு முன்பே அளந்து வைப்பது. அழுத்தம் ஏற்றும்போது எந்தக் கிணற்றில் மட்டம் அசைகிறதோ, அதற்கும் பொதுப் போர்வெல்லுக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்துவிடும். வேலை முடிந்தபின் தண்ணீர் குறைந்தது என்று யாராவது சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் கணக்கு இருக்கும். இதற்காக நீர்மட்டம் எழுதும் நோட்டு அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். திரும்பி வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். கேள்வி கேட்ட கிழக்குத் தோட்டத்திலிருந்தும் வரவில்லை. அதனால் வேலை இந்த ஆண்டு நடக்கவில்லை, காரணம் செயற்குழு அல்ல.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, செலவு வரவுக்குள் அடங்கியது, சந்தா பாக்கி வழக்கத்தைவிட அதிகம். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்கு இடம் தந்த கோவில் நிர்வாகத்துக்கும் டீ கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷம், படித்த குறிப்புகளை அப்படியே ஒப்படைக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் பார்ப்போம். எப்படியும் மாசிக்குள் தண்ணீர் அழுத்தும் வண்டிக்கு முன்பணம் கட்டினால்தான் கோடைக்கு முன் வேலை நடக்கும். சந்தாவோடு நீர்மட்ட நோட்டையும் கொண்டுவந்து கொடுங்கள், நோட்டைத் தொலைத்தவர்களுக்கு என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது.