சனிக்கிழமை பைபரி: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

வணக்கம் நண்பர்களே,

சனிக்கிழமை நாம் போகும் பைபரி, இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் கோல்ன் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். எல்லோரும் போட்டோ எடுக்கும் அந்த வீட்டு வரிசைக்குப் பெயர் ஆர்லிங்டன் ரோ. முதலில் அது வீடே இல்லை. சுமார் 1380-இல் மடத்துத் துறவிகள் ஆட்டு ரோமம் சேமிக்கக் கட்டிய கிடங்கு. 17-ஆம் நூற்றாண்டில்தான் அதைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்து நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள்.

நெய்த கம்பளியை ஆர்லிங்டன் ஆலையில் தண்ணீரில் நனைத்து அடித்து இறுக்குவார்கள். பிறகு வீடுகளுக்கு எதிரே உள்ள ஈரப் புல்வெளியில் மரச்சட்டங்களில் விரித்துக் காயப்போடுவார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சட்டத்துக்கு ‘ராக்’ என்று பெயர்; அதனால்தான் அந்தப் புல்வெளிக்கு ராக் ஐல் என்று பெயர். இப்போது அங்கே நாணலும் வாத்துகளும்தான். உள்ளே இறங்கக் கூடாது, பாதையில் நின்றே பாருங்கள்.

இங்கிலாந்திலேயே அழகான கிராமம் என்று 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் புகழ்ந்த ஊர் இது. எனக்கு வீடுகளைவிட ஆறுதான் பிடிக்கும். ஊற்றுநீர் என்பதால் அவ்வளவு தெளிவு. பாலத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால், நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் வாலாட்டி நிற்கும் டிரவுட் மீன் தெரியும்.

ஒரு வேண்டுகோள்: வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டாம், வாசற்படியில் உட்கார வேண்டாம். புல் ஈரமாக இருக்கும், ஷூ போட்டு வாருங்கள்.