செல்விக்கு, தாளம் பற்றி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு நிம்மதியாச்சு. இங்கே எல்லாரும் சுகம். வேலந்தாவளம் பக்கம் இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. தென்னைக்குத் தண்ணீர் காட்டுவதே தம்பிக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

உன் பரதநாட்டிய வகுப்பில் அந்த ஐந்து வயதுப் பெண் முதல் பாடமான தட்டடவிலேயே தாளம் விடுகிறாள், பிறவியிலேயே தாளம் இல்லாத குழந்தையோ, அவள் அம்மாவிடம் நிறுத்திவிடச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து சொல்லாதே. விலங்கியல் பாடம் நடத்தியே காலத்தைக் கழித்தவள் நான். ஓய்வுக்கு அப்புறம் நான் விரும்பித் தேடிப் படிப்பது இந்த விஷயத்தைத்தான்.

2009-இல் ஒரு சோதனை வெளியானது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்கள் தூங்கும்போது டிரம்ஸ் தாளம் ஒன்றைக் கேட்க விட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தாளத்தில் அங்கங்கே ஒரு தட்டை விட்டுவிடுவார்கள். சாதாரணத் தட்டு விடுபட்டால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தில், விழ வேண்டிய தட்டு விடுபட்டபோது மட்டும் மூளை திடுக்கிட்டது. தாய் முகமே சரியாகத் தெரியாத சிசு, இங்கே அடி விழப்போகிறது என்று காத்திருக்கிறது! 2012-இல் இதே மாதிரி சோதனையை ரீசஸ் குரங்குகளிடம் செய்தார்கள். ஒலிகள் கொத்துக் கொத்தாக வருவது அவற்றுக்குத் தெரிந்தது. சமம் தெரியவில்லை.

தாளம் என்ற உணர்வு எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக இருக்கும் என்று 1871-இல் டார்வின் எழுதினார். விஷயம் அவ்வளவு நேராக இல்லை. மடகாஸ்கர் காட்டில் இந்திரி என்ற லெமூர் குடும்பமாகச் சேர்ந்து பாடும். அதன் பாட்டில் ஒலிகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விழுகின்றன என்று 2021-இல் கண்டார்கள். நாம் முதல் காலம், அதன் இரட்டை வேகத்தில் இரண்டாம் காலம் என்று போடுகிற அதே கணக்கு. தாளம் போடுகிற பிராணிகள் உண்டு. வெளியே கேட்கிற தாளத்தோடு, அது வேகம் கூடினாலும் குறைந்தாலும், கூடவே போகிற பிராணிகள்தான் அபூர்வம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆனைமலையில், டாப்ஸ்லிப் அடங்கிய உலாந்தி வனச்சரகத்தில், மழைக்காலத்துக்கு முன்னால் மின்மினிகள் காடு முழுக்க ஒரே நேரத்தில் விட்டு விட்டு மின்னும். 2022-இல் அது செய்தியாக வந்தது. ஆனால் மின்மினி தன் இனத்தின் வெளிச்சத்துக்கு, தன் இனத்துக்குரிய வேகத்தில்தான் சேரும். இலை வெட்டுக்கிளிகளில் சிலது ஒத்துக் கத்துவதற்குக் காரணமே வேறு. முந்திக் கத்தும் ஆணிடம்தான் பெண் போகும். அதனால் பக்கத்தில் ஒருவன் கத்திவிட்டால் மற்றவன் தன் முறையைத் தள்ளிப்போட்டு, அடுத்த சுற்றில் முந்தப் பார்ப்பான். எல்லாரும் முந்தப் பார்த்தே ஒன்றாகிவிடுகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது மேளத்துக்கு வா. இங்கே சித்தூர் பக்கக் கோயில்களில் பஞ்சாரி மேளம் என்ற செண்டை மேளம் கேட்டிருக்கிறாய் அல்லவா? முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை. அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. செண்டை, இலத்தாளம், கொம்பு, குறுங்குழல் என்று வரிசை வரிசையாக நிற்பவர்கள் அத்தனை பேரும் மேளத்தை நடத்துகிற பிரமாணியைப் பார்த்தபடி காலம் மாறுகிறார்கள். எதிரே நிற்கும் ஜனங்களின் கைகளும் அதே நொடியில் மேலே போகின்றன. தட்டு விழுந்த பிறகு கையைத் தூக்குகிறவர் யாருமில்லை, தட்டோடேயே கை எழுகிறது. பக்கத்தில் நிற்கும் யானையும் காதால் தாளம் போடுகிறது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அது உடல் சூட்டைத் தணிக்கக் காதை வீசுகிறது, அவ்வளவுதான். தாய்லாந்தில் லாம்பாங் என்ற ஊரில் வாத்தியம் அடிக்கப் பழகிய யானைகள் உண்டு. அதில் ஒன்று மிகச் சீரான வேகத்தில் அடித்தது. ஆனாலும் யானைகள் ஒன்றோடொன்று தாளத்தைச் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சேர்த்துக்கொள்கிற விலங்கே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்னோபால் என்ற கொண்டைக் கிளி, பாட்டின் வேகத்தை மாற்றினாலும் அவ்வப்போது அதற்கேற்பத் தலையாட்டியதை 2009-இல் நிரூபித்தார்கள். யாரும் பழக்காமல் தானே ஆடியது. கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லக் கற்கும் பிராணிகளில் காதும் தசையும் மூளைக்குள் நெருக்கமாக இணைந்திருக்கும், தாளத்தோடு சேரும் திறமை அதிலிருந்து வந்தது என்பது அனிருத் படேல் என்ற ஆராய்ச்சியாளரின் கருத்து. கிளி அதற்குப் பொருந்தியது. 2013-இல் ரோனன் என்ற கடற்சிங்கம் வந்து குழப்பிவிட்டது. கடற்சிங்கம் கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லக் கற்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் பழக்கினால் தலையாட்டித் தாளம் போட்டது. 2025-இல் மறுபடி சோதித்தபோது கல்லூரி மாணவர்களைவிடத் துல்லியமாகப் போட்டது. எனக்கு அந்தக் கடற்சிங்கத்தின் மேல் தனிப் பிரியம். பயிற்சியால் எவ்வளவு வரும் என்று அது காட்டுகிறது.

உன் மாணவிக்கு வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். ஜெர்மனியில் 2009-இல் இரண்டரை முதல் நாலரை வயதுக் குழந்தைகளை மூன்று விதமாக மேளம் தட்டச் சொன்னார்கள்: எதிரில் ஒரு ஆள் தட்டுவதோடு, ஒரு இயந்திரம் தட்டுவதோடு, வெறும் சத்தத்தோடு. ஆளோடு தட்டும்போதுதான் குழந்தைகள் நன்றாகச் சேர்ந்தார்கள். மனிதன் ஏன் தாளம் போடக் கற்றான் என்பதற்கே இதில் விடை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பக்கத்து மனுஷரோடு சேர வேண்டும் என்ற ஆசையில்தான் அது வளர்ந்திருக்கும்.

நீயோ அவளுக்கு வீட்டில் பழகப் போனில் தாளம் போடும் ஆப்பைக் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதை நிறுத்திவிடு. நீ தாளம் தட்டுகிற தட்டுக்கழியையும் கொஞ்ச நாள் கீழே வை. அவளுக்கு எதிரில் நின்று, அவள் வேகத்துக்கு நீ இறங்கி, கையோடு கை தட்டு. பிடித்துக்கொண்ட பிறகு மெதுவாக வேகம் கூட்டு. அவள் அம்மாவையும் வீட்டில் அப்படியே செய்யச் சொல். முதலில் தட்டடவு வேண்டாம், வெறும் தகதிமி போதும்.

பங்குனியில் நெம்மாரா–வல்லங்கி வேலா திருவிழாவுக்கு அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாயேன். பொள்ளாச்சி வரை பஸ்ஸில் வந்துவிட்டால் தம்பி வந்து அழைத்துக்கொள்வான். அத்தைக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு.

அன்புடன்,
தேவகி