எந்தக் கல்லூரி என்று கேட்கிறோம், எந்த வகுப்பு என்று கேட்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் பிள்ளை கல்லூரிக்குள் காலடி வைத்த மறுநாளே எல்லாரும் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறோம். உள்ளே போன பிறகு செமஸ்டருக்கு ஒரு தடவை ஒரு படிவத்தை நீட்டுவார்கள், இந்த ஆறு விருப்பப் பாடங்களில் இரண்டை எடுத்துக்கொள் என்று. அந்தப் படிவத்தைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில், கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவன் எதை டிக் அடித்தானோ அதையே நாமும் அடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் கொடுத்தேன். படித்தது பொருளாதாரம். இரண்டாம் ஆண்டில் புள்ளியியலின் அடுத்த கட்டப் பாடம் ஒன்று இருந்தது, கூடவே 'படிக்காமலே மார்க் வரும்' என்று சீனியர்கள் சத்தியம் செய்த இன்னொரு பாடமும் இருந்தது. எதை எடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. சீனியர்கள் பொய் சொல்லவில்லை, மார்க் வந்தது. படிப்பு முடிந்து ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தேன், முதல் வாரமே சில ஆயிரம் பேர் பதில் சொன்ன ஒரு கணக்கெடுப்பைக் கையில் கொடுத்து, வயதுக்கும் வாங்கும் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று கேட்டார்கள். எனக்குச் சராசரி போடத் தெரியும், அவ்வளவுதான். அடுத்த ஒன்றரை வருடம் வேலை முடிந்து வந்து, தூக்கம் சொக்கச் சொக்க, கல்லூரியில் ஒரு நல்ல ஆசிரியர் வாரத்துக்கு நான்கு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பாரே, அதையே தனியாகப் படித்தேன். அந்தச் சுலபப் பாடத்தில் வாங்கிய மார்க்கை இதுவரை ஒரு ஆள் கேட்டதில்லை.

இப்போது நேர்காணலில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். வருகிற பிள்ளைகளிடம் நான் தவறாமல் கேட்பது, இந்த விருப்பப் பாடத்தை ஏன் எடுத்தாய் என்பதுதான். பாதிப் பேர் சிரித்து மழுப்புவார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் என்பதால் கோபம் வருவதில்லை.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? எனக்குத் தெரிந்த வழி பின்னாலிருந்து முன்னால் வருவது. போக நினைக்கும் வேலைக்கு வந்திருக்கும் விளம்பரங்களில் ஒரு பத்தைப் படியுங்கள், பதவியின் பெயரை விட்டுவிட்டு, கீழே என்னென்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறார்களே, அந்த வரிகளை. திரும்பத் திரும்ப வரும் சொற்களின் கீழே கோடு போட்டால் நீங்கள் எதிர்பார்க்காத பாடங்கள் தலைகாட்டும். செயலிகளின் தோற்றத்தை வடிவமைக்கப் போகிறவர் ஓவியம் மட்டும் போதும் என்று நினைத்திருப்பார், அங்கே உளவியல் வந்து நிற்கும். பத்திரிகைக்கு வர நினைப்பவருக்கு (உங்களுக்கே தெரியும்) மொழியோடு கொஞ்சம் சட்டமும், ஒரு பட்ஜெட் அட்டவணையைப் படிக்கிற அளவுக்காவது கணக்கும் வேண்டியிருக்கிறது. காப்பீட்டில் ஆக்சுவரி (இழப்பு வரும் வாய்ப்பைக் கணக்குப் போட்டு பிரீமியம் தீர்மானிப்பவர்) ஆக ஆசைப்பட்டால் அந்தத் தொழிலுக்கான தேர்வுகள் நிகழ்தகவிலும் நிதிக் கணிதத்திலும்தான் தொடங்குகின்றன, ஆகவே கல்லூரியில் அவற்றைத் தவிர்த்துவிட்டு ஓட முடியாது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர்கள் எடுக்கவேண்டியது இன்னும் நாலு பொருளாதாரப் பாடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரிய பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் குழுக்கள் முதலில் தேடுவது கணிதத்தை என்று பின்னால்தான் தெரிந்தது, அதிலும் நேரியல் இயற்கணிதம், மெய்ப் பகுப்பாய்வு மாதிரியான கடினமான பாடங்களை.

அப்புறம் இன்னொன்று, மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பாடங்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பவை. இயந்திரக் கற்றல் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் அதற்கு முன் நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் முடிந்திருக்க வேண்டும், அடித்தளப் பொறியியலுக்கு முன் மண் இயக்கவியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு முன் பொது வேதியியல். மூன்றாம் ஆண்டில் ஆசை வந்து போய் நின்றால், இரண்டாம் ஆண்டில் அதைப் படித்தாயா என்பார்கள். இதில் சில பாடங்களை வருடத்துக்கு ஒரு செமஸ்டர்தான் நடத்துவார்கள், ஒரு தடவை விட்டால் முழு வருடம் போச்சு. அதனால் முதலாண்டிலேயே கடைசி ஆண்டுப் பாடப் பட்டியலை எடுத்து, பிடித்த இரண்டு மூன்று பாடங்களுக்கு முன்னால் எது, அதற்கும் முன்னால் எது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வைத்துவிடுங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

இந்தச் சுலபப் பாட நோய் புதிதில்லை என்று சமீபத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். சார்லஸ் எலியட் என்பவர் 1869 முதல் 1909 வரை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார், மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய பாடத்தைத் தாங்களே எடுக்கட்டும் என்று கதவை அகலத் திறந்துவிட்டவர் அவர். கொஞ்ச காலத்தில் பலர் தொடக்க நிலை வகுப்புகளாகவே பொறுக்கிக்கொண்டு பட்டத்தோடு வெளியே போகிறார்கள் என்ற புகார் எழுந்தது. அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமாகப் படி, மற்ற துறைகளிலும் கொஞ்சம் பரவலாகப் படி என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார். எத்தனையோ கல்லூரிகளில் இன்றைக்கும் கட்டாயப் பாடம், விருப்பப் பாடம் என்று கலந்து வைத்திருப்பதற்குப் பின்னால் இந்தப் பழைய இழுபறிக்கும் பங்கு உண்டு.

பாடத்தின் பெயரைப் பார்த்து மயங்குவது தனிக் கதை. இன்றைக்குச் சூடாக இருக்கும் ஏதாவது ஒரு மென்பொருளின் பெயரிலேயே வகுப்பு இருக்கும், கூட்டம் அலைமோதும். பட்டம் வாங்குவதற்குள் அந்த மென்பொருளின் முகமே மாறியிருக்கலாம். எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970-இல் எழுதிய கட்டுரையில் தரவுகளை அட்டவணைகளாகப் பார்க்கும் ஒரு முறையைச் சொன்னார், அதன் மேல் எழுந்த, சேமித்த தரவுகளிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் எஸ்.க்யூ.எல். மொழியை இன்றும் வேலை விளம்பரங்களில் கேட்கிறார்கள். தரவுத்தளம் என்று சலிப்பூட்டும் பெயரோடு ஒரு பாடம் இருந்தால் அதை எடுங்கள் என்பேன், மென்பொருளை நான்கு வாரத்தில் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம்.

ஸ்டீவ் ஜாப்ஸ் கையெழுத்துக் கலை படித்தாரே, அது ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியில் எழுத்துருக்களுக்கு உதவியதே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கதையில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு சங்கதி உண்டு. அவர் ரீட் கல்லூரிப் படிப்பை விட்ட பிறகு, கிரெடிட் எதுவும் இல்லாமல் சும்மா போய் உட்கார்ந்த வகுப்பு அது. ஆசைக்குப் படிப்பதை அப்படியும் படிக்கலாம். பல கல்லூரிகளில் மார்க் இல்லாமல் வந்து உட்கார்ந்து கேட்க அனுமதி தருகிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

இலக்கே இன்னும் தெரியவில்லை என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பதினெட்டு வயதில் எனக்கும் தெரியாது. அவர்கள் புள்ளியியல், தெளிவாக எழுதக் கற்றுத்தரும் ஒரு வகுப்பு, கொஞ்சம் நிரல் எழுதுவது என்று எங்கே போனாலும் கூட வருகிறவற்றை எடுக்கட்டும். கடினமான பாடத்தால் மொத்த மதிப்பெண் சரியும் என்ற பயம் நியாயமானது, மேற்படிப்புக்கு அது எண்ணப்படுகிறது, அதை நான் மறைக்கவில்லை. கடினமானவற்றை ஒரே செமஸ்டரில் குவிக்காமல் பிரித்துப் போட்டுக்கொண்டாலே பாதிப் பயம் குறையும். போன மாதம் நேர்காணலுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இருந்ததிலேயே குறைந்த மார்க், அவள் ப்ராஜெக்ட் செய்த பாடத்தில்தான். அதைப் பற்றிக் கேட்டதும் எங்கே தப்புச் செய்தாள், எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இருபது நிமிடம் பேசினாள். வேலை அவளுக்குத்தான் கொடுத்தோம்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை கல்விச் சிறப்புப் பக்கம் போடும்போது, பல துறைகளில் வேலை செய்கிறவர்களிடம் இரண்டே கேள்வி கேட்டு அச்சிடுங்கள்: திரும்பப் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் எந்த வகுப்பை எடுப்பீர்கள், எதை விட்டுவிடுவீர்கள்? என் பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன். எடுப்பது, இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல். விடுவது அந்தச் சுலபப் பாடம், உண்மையைச் சொன்னால் அதன் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்