'பழைய சரக்கு' புகார் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும். நம் கடையில் வாங்கிய டபுள் ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு பீரின் இன்னும் கடுமையான வகை) கேனைப் படம் எடுத்து, "பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டார். அது இப்போது கைமாறிக் கைமாறி எனக்கே மூன்று முறை வந்துவிட்டது. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். 'பழைய சரக்கு' என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் இரண்டு கேன் வாங்கியிருந்தார். திறக்காத இன்னொன்றைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, அவர் எதிரிலேயே திறந்து ஊற்றினேன். பொன்னிறமாக இருக்க வேண்டியது செம்பழுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் மாம்பழமும் இல்லை, எலுமிச்சைத் தோலும் இல்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடைதான் வந்தது. ஒரு வாய் குடித்தால் முதலில் பாகு மாதிரித் தித்திப்பு, பிறகு அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு போகாத வறட்டுக் கசப்பு. அவர் சொன்னதில் பொய் இல்லை, பீர் கெட்டுத்தான் போயிருந்தது. ஆனால் கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் பார்த்தால், நம் கடையை விட்டுப் போனபோது அதற்கு வயது மூன்று வாரம். அதுவரை குளிர் அறையில் இருந்தது. அதன்பின் ஐந்து வாரம் அவர் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் இருந்திருக்கிறது. இதை அவரே சொன்னார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 9 சதவீதம், 10 சதவீதம் ஆல்கஹால் உள்ள பீர் வைத்திருந்தாலும் கெடாது, நாளாக ஆக நன்றாகத்தான் ஆகும் என்று பலரும் நம்புகிறார்கள். பார்லி ஒயினுக்கு அது சரி; பெயரில் ஒயின் இருந்தாலும் அதுவும் ஆல்கஹால் அதிகமுள்ள ஒரு பீர்தான். டபுள் ஐபிஏ மாதிரி, ஹாப்ஸ் என்ற பூவை அள்ளிப் போட்டுச் செய்த பீருக்குச் சரிவராது. ஹாப்ஸ் பூவின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் தூள் மாதிரி ஒன்று இருக்கும், லூபுலின் என்பார்கள். கசப்பு, மணம் இரண்டுக்கும் அதுதான் மூலம். கொதிக்கவைத்தால் அதன் கசப்பு பீரில் இறங்கும். மணத்துக்காக, கொதித்து ஆறிய பிறகு நொதிக்கும் தொட்டியில் மறுபடியும் ஹாப்ஸ் போடுவார்கள். டபுள் ஐபிஏவுக்கு நாம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அந்த மணத்துக்குத்தான். அதுதான் முதலில் போகிறது. துளி ஆக்ஸிஜனும் கொஞ்சம் சூடும் சேர்ந்தால் போதும்.

இந்தத் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்றும் ஒரு பீரை ஏறக்குறைய ஒரே அளவுக்கு மூப்படையச் செய்யும். அடுப்புக்கு மேலே ஐந்து வாரம் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். 1994ல் கலிபோர்னியாவில் டபுள் ஐபிஏவை முதன்முதலாகக் காய்ச்சியவர் என்று பலரும் சொல்லும் வின்னி சிலுர்சோ, பின்னாளில் 'பிளினி த எல்டர்' என்ற 8 சதவீத பீரைக் கொண்டுவந்தார். குளிரில் வையுங்கள், புதிதாகவே குடியுங்கள், சேமித்து வைக்காதீர்கள் என்று அதன் லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

என் பக்கமும் தவறு உண்டு. இதையெல்லாம் கவுண்டரில் நின்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்ன தம்பி வேலையை விட்டுப் போனபின், பில் போட்டுக் கையில் கொடுப்பதோடு நின்றுவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவன் சொல்வதை இங்கே எழுதுகிறேன். வாங்கியதும் ஃப்ரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே, நிமிர்த்தி வையுங்கள். பாட்டிலாக இருந்தால் வெயிலே படக் கூடாது, பச்சைக் கண்ணாடி என்றால் இன்னும் கவனம். ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், பல்லைக் கூசவைக்கும் குளிரில் மணமே எழும்பாது. வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸில் நூறு மில்லி ஊற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள். மூன்று நான்கு வகை ருசி பார்ப்பதாக இருந்தால் கசப்பு குறைந்ததில் தொடங்குங்கள். கடும் கசப்பு ஒருமுறை நாக்கில் ஏறிவிட்டால், அடுத்து வரும் மெல்லிய பீர் தண்ணீராகத் தெரியும். அரை லிட்டர் கேனைத் தனியாகக் காலி செய்ய வேண்டாம். 10 சதவீதம் என்றால் சாதாரண பீர் இரண்டுக்குச் சமம். இரண்டு மூன்று பேராகப் பகிர்ந்து குடிக்கத்தான் இது. குடித்தபின் வண்டியைத் தொடாதீர்கள்.

அந்தப் படம் சுற்றியபோது, "நாங்கள் வாங்கியது நன்றாகத்தானே இருந்தது" என்று பதில் போட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! போன கோடையில் குளிர் அறை பழுதான இரவு, கூப்பிடாமலே ஐஸ் பெட்டியோடு வந்து சரக்கை உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இனி ஒவ்வொரு கேனிலும், அடைத்த தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டித் தருகிறேன். அடைத்து அறுபது நாள் தாண்டிய ஐபிஏ எதுவும் நம் அலமாரியில் இருக்காது. வீட்டுக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கும் ஐஸ் பைக்கு அடுத்த மாதம் முதல் தனிக் கட்டணம் உண்டு, மாற்றித் தருவதும் வாங்கிய பத்து நாளுக்குள் மட்டுமே. அவர் கொண்டுவந்த கேனுக்குப் பதிலாகப் புதியது ஒன்று கொடுத்தேன். இந்தச் சனிக்கிழமை மாலை, அதே பீரில் ஒன்றைக் குளிரிலும் ஒன்றை வெளியிலும் ஐந்து வாரம் வைத்திருந்ததைக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தருகிறேன். வந்து முகர்ந்து பாருங்கள். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்