கிரெனடாவுக்கு ரெண்டு வரி போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயிறு கரீபியன் தீவுகள் பத்தி போட்ட பக்கத்துல கிரெனடாவுக்கு ரெண்டே வரி, அதுவும் பீச் பத்தி மட்டும், எனக்கு மனசு கேக்கல. மொத்தமே 344 சதுர கிலோமீட்டர்தான், ஆனா கொடியிலயே ஜாதிக்காய் வெச்சிருக்கற நாடு சார் அது! பிரெஞ்சுக்காரங்க, பிரிட்டிஷ்காரங்கன்னு கைமாறி 1974ல சுதந்திரம், 1983ல கட்சிக்குள்ளயே சண்டை வந்து பிரதமர் மாரிஸ் பிஷப்பை ராணுவமே சுட்டுக் கொன்னுது, ஒரு வாரத்துக்குள்ள அமெரிக்கப் படை வந்து இறங்கிடுச்சு.

2004 வரைக்கும் ஜாதிக்காய்ல இந்தோனேசியாவுக்கு அடுத்து இவங்கதான். அந்த செப்டம்பர்ல ஐவன் புயல் வந்து பெரும்பாலான மரத்தை ஒரே நாள்ல சாய்ச்சிடுச்சு. நெல்லு மாதிரி அடுத்த போகத்துல எடுத்துடலாம்னு இல்ல, ஜாதிக்கா கன்னு காய்க்கவே ஏழெட்டு வருஷம் ஆகும், பூக்கற வரைக்கும் ஆண் மரமா பெண் மரமான்னே தெரியாது, வயசான விவசாயி எந்த தைரியத்துல திரும்ப நடுவாரு? நிறைய பேரு கோகோவுக்கு மாறிட்டாங்க. இப்ப டூரிசமும் அங்க இருக்கற மெடிக்கல் யுனிவர்சிட்டியும்தான் பெருசா தாங்குது. 2024 ஜூலைல பெரில் புயல் வேற அவங்களோட கரியாகூ தீவை நொறுக்கிடுச்சு. அந்த விவசாயிங்களைப் பத்தி ஒரு முழுப்பக்கம் போடுங்க சார், ப்ளீஸ்.

– ஒரு வாசகர், கும்பகோணம்